களியாட்டம்

முதலில் கழுத்துப் பட்டை.
போன வருடத்து மாதக் காலண்டர்கள்:
உரக்கடை, நகைக்கடை, மாங்கூழ் ஆலை.
மடித்து மடித்து வட்டமாய்த் தைக்க வேண்டும்.
"கொசுவம்தானே மிஸ்" என்றாள் நாகவேணி.
கொஞ்ச நேரத்தில்
மத்தூர்ப் பள்ளியின் எட்டாம் வகுப்பு
ஐநூறு வருடம் பின்னால் போய்
கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தது.
ஒருத்தி தாடைக்குக் கீழே பிரதோஷம்.
ஒருவன் காதோரம் ஆடிப்பெருக்கு.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார்.
"இது பரீட்சைக்கு வருமா?"
வராது சார்.
"அப்ப சத்தம் கம்மியா."

டியூடர் என்று ஒரு ராஜ குடும்பம்,
அதில் ஒருவனுக்கு மனைவியர் ஆறு பேர் என்றேன்.
ஆறா!
அன்று முழுக்க அவர்கள் மறக்காத ஒரே தகவல்.

பிவிசி குழாயில் துளை போட்ட குழல்கள்
பெரும்பாலும் பெருமூச்சு விட்டன.
கோவிந்தம்மாவுடையது மட்டும் பாடியது.
மேளத்துக்கு டிஸ்டம்பர் வாளி,
அடிக்கத் திம்மராஜ்.
டும்... டும்டும். டும்... டும்டும்.
இது பவான். அரசவை நடை.
இடது காலில் தொடங்கு.
ஓரடி, சேர். ஓரடி, சேர்.
மூன்றடி, சேர்.
கல்யாண ஊர்வலத்தில்
வீடியோக்காரர் நிறுத்தி நிறுத்தி நடக்க விடுவாரே,
அதே வேகம்.

ஆணும் பெண்ணும் கைகோத்து, என்றதும்
வகுப்பு இரண்டாய்ப் பிளந்து
இரண்டு சுவர்களில் ஒட்டிக்கொண்டது.
யாரோ கைக்குட்டை யோசனை சொன்னார்கள்.
ஒரு முனை அவன், ஒரு முனை இவள்.
அந்தக் காலத்திலும் அப்படித்தான் என்று
கூசாமல் பொய் சொன்னேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
"அந்தஸ்தில் பெரியவங்க முன்னால போவாங்க"
என்று உண்மையையும் சொல்லிவிட்டேன்.

வாளி நின்றது.
திருப்பவே முடியாத காகிதக் கழுத்துகள்
ஒரே பக்கம் திரும்பின,
ஒருவரும் சொல்லித் தராமல்,
ஜன்னலோர முதல் பெஞ்சுக்கு.
பாவம், அவனும் எழுந்துவிட்டான்.

என் பயிற்சிக் கையேட்டில் பதினாறு பக்கம்.
பதினேழாவது எனக்குத் தேவைப்பட்டது.

"ரோல் நம்பர் போடுங்க மிஸ்,"
முனிலட்சுமியின் குரல்,
"கடைசியில இருந்து."

பெண்களில் கடைசி யுவராணி.
பையன்களில் கடைசி வேடியப்பன்.
உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
வந்து நின்றான்.
ராஜா மாதிரி நடந்தான் என்றெல்லாம்
சொல்ல மாட்டேன்.
தரையைப் பார்த்தபடி
வலது காலை வைத்தான், தப்பாக.
பின்னால் வந்த பத்தொன்பது ஜோடியும்
அவனைப் பார்த்து
வலது காலையே வைத்தன.

ஏழாவது வரிசையில் ஜோடி, பையனும் பையனும்தான்.
அங்கேயும் நடுவில் ஒரு கைக்குட்டை.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது கேலியார்டு, என்று
பலகையில் எழுதச் சொன்னேன்.
களியாட்டம், என்று எழுதினான் திம்மராஜ்.
திருத்தவில்லை.
நாலு உதை. ஐந்தில் காற்று. ஆறில் தரை.
கிரானைட் லாரி போகும்போது
அதிரும் அந்தக் கட்டடம்
முதல்முறையாக உள்ளிருந்து அதிர்ந்தது.
தாவும்போது கைக்குட்டையைப் பிடிக்க முடியாது.
யாராலும் முடியவில்லை.
ஆடி மாதம் கிழிந்து பறந்தது.
தலைமையாசிரியர் வந்தார்,
வாசலில் நின்றார்,
ஒன்றும் சொல்லவில்லை,
அவர் செருப்பு மட்டும் ஆறை எண்ணியது.

மணி அடித்தபின் தரையைக் கூட்டினேன்.
பதினொரு கைக்குட்டைகள், மிதிபட்டு ஒரே நிறத்தில்.
ஏழாவது வரிசையுடையது எது என்று
எவ்வளவு புரட்டியும் தெரியவில்லை.
மேசை மேல் குவித்து வைத்தேன்.

அறக்கட்டளைக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.
பயன்பெற்றோர்: நாற்பத்திரண்டு.
கற்றல் விளைவு என்ற கட்டம் சின்னது.
யோசித்து எழுதினேன்:
இடது காலில் தொடங்க வேண்டியதை
எல்லோருமாக
வலது காலில் தொடங்கினோம்.